கூடைக் கயிற்றைப் புது வீட்டுக்கு எடுத்துப் போவதா? உங்கள் வீட்டில் எதை வைத்திருக்கிறீர்கள்?

லோவர் டிவிசன் | சனி, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டம். சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னால் லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குப் போகிறோம். சந்தோசமான விசயம்தான், ஆனால் சாமான் கட்டத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இஸ்தோப்புக் (முன் திண்ணைக்) கூரையின் குறுக்கு மரத்தில், கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமந்த அப்பாயியின் கூடைக் கயிறு சொருகி இருக்கிறது. கூடை எப்போதோ உளுத்து அடுப்புக்குள் போய்விட்டது, கயிறு மட்டும் மிச்சம். அப்பாயி தலையில் மாட்டிய அதே கயிற்றை அம்மாவும் பல வருசம் மாட்டினார், பிறகு கொழுந்துக்கு நைலோன் பை வந்ததும் கழற்றி மேலே வைத்தார். உச்சந்தலையில் படுகிற இடம் மட்டும் எண்ணெயும் மழைத் தண்ணியும் ஊறிக் கறுத்து, தொட்டால் தோல் மாதிரி இருக்கும். இதை எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்கிறார் அம்மா. அப்பா, "புது வீட்டுக்குள்ள அந்தக் கயிறு வரக் கூடாது" என்கிறார். ஏன் என்று கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

அம்மா ஓய்வு பெற்று மூன்று வருசம் ஆகிறது. லயத்துக்குப் பின்னால் ஒரு கீரைப் பாத்தி போட்டிருக்கிறார். கீரை கிள்ளும்போது முதல் பிடியைக் கண்ணில் ஒற்றி, "பொலி" என்று வாய்க்குள் சொல்லி, தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறார். பின்னால் கூடை இல்லை. கீரை மண்ணில் விழுகிறது, திரும்பிக் குனிந்து பொறுக்கி எடுத்துக்கொள்கிறார். எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன், அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கயிற்றை எடுத்துப் போகலாமா வேண்டாமா? உங்கள் வீடுகளில் இப்படி எதை வைத்திருக்கிறீர்கள், எதை வேண்டாமென்று விட்டீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பசறைக்காரன் | சனி, இரவு 9.50

எடுத்துப் போங்கள் தங்கச்சி. கயிறு என்ன இடத்தையா அடைக்கப் போகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பிஸ்கட் டின். பழைய மலிபன் டின், மூடியில் துரு. அம்மாயி அதைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் துணிப் பைக்குள் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். உள்ளே எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம், கல்யாணப் பதிவு, ஒரு செக்ரோல் (தோட்டத்து வேலைப் பதிவேடு) துண்டு, இவ்வளவும். படுக்கப் போகும் முன் அந்த டின்னைக் கையால் தொட்டுப் பார்ப்பார், சாமி கும்பிடுவது போல. 1948-இல் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்குச் சின்ன வயது. அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்று கடதாசி கேட்டார்கள், லயத்தில் யாரிடமும் கடதாசி இல்லை. அந்தப் பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. 2003-இல் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் வாசித்துக் காட்டியபோதும் "சரி, அந்தக் கடதாசியையும் டின்னுக்குள்ள வை" என்றுதான் சொன்னார்.

அம்மாயி போய்ச் சேர்ந்த பிறகு டின்னைத் தொடுகிற வழக்கம் அம்மாவுக்கு வந்துவிட்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த இரவு, மேலே மலை உறுமுகிற சத்தம் கேட்டு, மழைக்குள் ஓடி கோயில் மண்டபத்துக்குப் போனோம். அம்மா ஒரு கையில் என் மகளையும் மறு கையில் டின்னையும் பிடித்திருந்தார். எங்கள் லயம் தப்பியது. பக்கத்து லயத்தில் பாதிச் சுவர் போய்விட்டது, அங்கே பலரும் அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் சேற்றோடு இழந்துவிட்டு இன்னும் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்குகிறார்கள். நான் இப்போது அந்த டின்னுக்குள் இருக்கிறதையெல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். படுக்கும் முன் தொட்டுப் பார்ப்பது நானாகிவிட்டேன்.

---

பண்டாரவளை டீச்சர் | ஞாயிறு, காலை 6.35

நான் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் அம்மாவின் உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. கயிறு தேய்த்த தடம். தலை வாரும்போது அந்த இடத்தை மறைக்க முடியைப் பக்கவாட்டில் இழுத்து முடிவார், கோயிலுக்குப் போனாலும் முக்காடு போட்டுத்தான் போவார். வேலையை விட்ட அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து, கயிற்றை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்து, மிலாற்று விறகோடு சேர்த்து அடுப்பில் வைத்தார். அன்றைக்கு அந்த நெருப்பில்தான் தேத்தண்ணி கொதித்தது. நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மலையில் கிடந்த பாடெல்லாம் நமக்குத் தெரியும். மழையில் போர்த்திய கம்பளிக் கொங்காணி, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, அட்டை ஏறாமல் இருக்கக் காலெல்லாம் சவர்க்காரம். சொன்ன நிறை இல்லாவிட்டால் அரைப் பேர், பாதி நாள் சம்பளம்தான். அந்தக் கயிற்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் நம் பிள்ளைகள் அதை என்னவென்று நினைத்துக்கொள்வார்கள்? புனிதமான பொருள் என்றா? எங்கள் அம்மாவுக்கு அது பாரம். அதைத் தூக்கிப் போடுகிற உரிமை அவருக்கு இருந்தது.

உங்கள் அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்பதை உட்கார வைத்துக் கேளுங்கள். கயிறு அவருடைய அம்மாவுடையது. அவர் எதையோ பார்த்திருக்கிறார்.

---

கவ்வாத்து | ஞாயிறு, காலை 8.20

டீச்சர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லாப் பொருளும் ஒன்றில்லை.

எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர். அவருடைய கத்தி என்னிடம் இருக்கிறது. வளைந்த கத்தி, பிடி மட்டும் மூன்று தரம் மாற்றியது, அலகு தீட்டித் தீட்டி முதலில் இருந்த அகலத்தில் பாதிதான் மிச்சம். கவ்வாத்து என்பது சும்மா வெட்டுவது இல்லை, வெட்டு சரிவாக விழ வேண்டும், வாது பிளக்கக் கூடாது, பிளந்தால் தண்ணி இறங்கி வாது அழுகும், செடியே போனாலும் போகும். அப்பா வெட்டிய மரத்தை மற்றவர்கள் வெட்டியதிலிருந்து பிரித்துச் சொல்லலாம், வெட்டுவாய் கண்ணாடி போல இருக்கும். ஒரு மலையில் கவ்வாத்துத் தொடங்கும் நாளில் முதல் தேயிலைக்குக் கீழே வாழை இலை போட்டு, தேங்காய் உடைத்து, கத்திகளை வரிசையாக வைத்துக் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள். கும்பிட்டு முடிந்ததும் அப்பா கத்தியின் முதுகால் செடியை மூன்று தரம் மெதுவாகத் தட்டுவார். ஏன் என்று கேட்டேன். "வெட்டப் போறோம்னு சொல்லிட்டு வெட்டணும்ல" என்றார்.

நான் தேயிலைக்குப் போகவில்லை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிறேன். வேலியோரக் கிளிசரியா தறிக்க அந்தக் கத்தியைத்தான் எடுப்பேன், தட்டிவிட்டுத்தான் தறிப்பேன். அடிமைச் சின்னம் என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும், ஏனென்றால் அப்பாவுக்கு இருந்த கைவேலை அந்த அலகில்தான் இருக்கிறது. சம்பளத்தைத்தான் குறைத்துக் கொடுத்தார்கள், அவருடைய கைத்திறனை யாரும் கொடுக்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை.

கயிறு வேறு. கயிற்றில் திறமை இல்லை, சுமைதான் இருக்கிறது. அதனால் டீச்சர் வீட்டு அம்மா அறுத்தது எனக்கு விளங்குகிறது.

---

ஹட்டன் தம்பி | ஞாயிறு, காலை 10.05

எங்கள் பாட்டனாரிடம் "துண்டு" இருந்ததாம், கழுத்தில் மாட்டுகிற தகரம், அதில் நம்பர் அடித்திருக்கும், இப்போது யாரிடம் போனது என்று தெரியவில்லை. யாராவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? கிடைத்தால் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வைப்பேன்.

---

லெட்ஜர் | ஞாயிறு, பகல் 12.40

தம்பி, துண்டு வேறு, தகரம் வேறு. நிறையப் பேர் இரண்டையும் கலக்கிறார்கள்.

துண்டு என்பது கடதாசிச் சீட்டு. இன்னாருடைய கடனைத் தீர்த்தால் ஆளை விடுவேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. ஆள் கடனோடு ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவார், கடன் கூடிக்கொண்டே போகும், கங்காணிதான் நடுவில். 1921-இல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். நீங்கள் சொல்லும் தகரம் இந்தியாவிலிருந்து ஆள் கூட்டி வரும்போது கழுத்தில் கட்டி அனுப்பியது. 1901-இல் தொடங்கிய முறை. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கான எழுத்தும் இலக்கமும் அதில் அடித்திருக்கும், வழியில் ஆகும் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும், கடைசியில் கூலியாளின் தலையில்தான் இறங்கும். பெயர் அதில் இருக்காது.

கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007-லிருந்து இருக்கிறது. பழைய லயத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தரம் போய் வாருங்கள். வீட்டில் வைக்க மனம் வராத, எரிக்கவும் மனம் வராத சாமான்களுக்கு அப்படி ஓர் இடம் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் தகரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதாக இருந்தால், அதற்குக் கீழே பாட்டனாரின் பெயரைப் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

---

லோவர் டிவிசன் | ஞாயிறு, மாலை 5.30

டீச்சர், கோபம் எல்லாம் இல்லை. நீங்கள் எழுதியதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். அம்மாவின் உச்சியிலும் அந்தத் தடம் இருக்கிறது, நான் இத்தனை வருசம் அதை வகிடு என்றே நினைத்திருந்தேன். இன்றைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது விரலால் தடவிப் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தலையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

அப்பாவிடம் கேட்கிறேன்.

---

கூடலூர் சிலோன்காரி | ஞாயிறு, இரவு 8.15

நான் இருப்பது நீலகிரியில், கூடலூர் பக்கம். பிறந்தது தலவாக்கலையில். எனக்கும் இங்கே எழுத இடம் உண்டு என்று நம்புகிறேன். ஐம்பது வருசமாகிறது, இங்கே எங்களை இன்னும் சிலோன்காரங்க என்றுதான் சொல்கிறார்கள்.

1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு வைத்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாங்கள் இந்தியாவின் பங்கில் போனோம், பெரியம்மா வீட்டார் இலங்கையின் பங்கில் நின்றார்கள். கோச்சி ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். எனக்கு அப்போது ஏழு வயது. எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் பல நாள் பேசினார்கள். நகை இவ்வளவுதான், காசு இவ்வளவுதான் என்று கணக்கு இருந்தது. அம்மா எடுத்தது ஓர் அம்மிக் குழவி. அம்மி இல்லை, குழவி மட்டும். அம்மிக் கல்லைத் தூக்க முடியாது என்று பெரியம்மாவிடம் விட்டுவிட்டுக் குழவியைச் சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

இங்கே திரும்பி வந்தவர்களுக்காக 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. இங்கே ஓர் அம்மி வாங்கினோம். ஊர்க் குழவி அந்த அம்மிக்குச் சரியாகப் பொருந்தாது, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், அரைத்தால் மிளகாய் ஓரத்தில் நிற்கும். அம்மா கடைசி வரைக்கும் அதிலேயேதான் அரைத்தார். இப்போது என்னிடம் மிக்சி இருக்கிறது, ஆனாலும் மாசிச் சம்பல் இடிக்கிற அன்று மட்டும் குழவியை எடுத்துக் கழுவுவேன். மாசிக் கருவாடு இங்கே சுலபத்தில் கிடைக்காது, யாராவது ஊரிலிருந்து வந்தால்தான். அதனால் வருசத்தில் ஒரு தரமோ இரண்டு தரமோதான் அது தண்ணியைப் பார்க்கும்.

பெரியம்மாவிடம் விட்ட அம்மி எங்கே என்று இப்போது யாருக்கும் தெரியாது. தங்கச்சி, உங்கள் அம்மா கேட்பதைக் கொண்டு போக விடுங்கள். பாதியை விட்டுவிட்டு வந்தவர்களுக்குத்தான் அது விளங்கும்.

---

தப்புக்காரர் மகன் | திங்கள், இரவு 10.25

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது தப்பு மேளம். அப்பாவுடையது, அவருக்கு முன்னால் தாத்தாவுடையது, தோல் மாற்றியிருக்கிறார்கள், வளையம் அதேதான். ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் எடுக்கும் இடத்துக்கு) ஆள் எழுப்பத் தப்பு அடித்தது தாத்தா. பிறகு அந்த வேலையைத் தொழிற்சாலைச் சங்கு எடுத்துக்கொண்டது. தேருக்கு, திருவிழாவுக்கு, சாவு வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அப்பா அடித்தார். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் நாட்களில் எங்கள் அப்பா இல்லாமல் ஊரே அசையாது. ரதி மதன் ஆடுகிறவர்கள் காலெடுத்து வைப்பதே அப்பாவின் கையைப் பார்த்துத்தான். ஆனால் கூத்து முடிந்ததும் அதே ஆட்கள் எங்கள் வீட்டில் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சாவு வீட்டில் அடித்துவிட்டு வந்தால் காசைக் கையில் கொடுக்காமல் கீழே வைப்பார்கள். சின்ன வயதில் பார்த்தவன் நான்.

அதனால் டீச்சர் சொல்வதும் எனக்குத் தெரியும், கவ்வாத்து அண்ணன் சொல்வதும் தெரியும். என் தப்பில் இரண்டும் இருக்கிறது, பிரிக்க முடியவில்லை. என் தம்பி அதை வீட்டில் வைக்கவே கூடாது என்றான், கொழும்பில் ஒரு கடைக்காரர் நல்ல விலை தருவதாகக் கேட்டார், கொடுத்துவிடு என்றான். நான் கொடுக்கவில்லை. ஒரு முடிவுக்கு வந்தேன்: சாவுக்கு அடிக்க மாட்டேன், யார் வந்து கேட்டாலும் மாட்டேன். கூத்துக்கு அடிப்பேன். கூப்பிடுகிறவர்கள் முதலில் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும், பிறகு பேசலாம். முதல் வருசம் இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அடுத்த வருசம் வந்து உட்கார்ந்தார்கள்.

காய்ச்சுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. வைக்கோலும் காய்ந்த மானாப் புல்லும் போட்டு, நெருப்பு எழும்பியதும் தப்பை அதன் மேல் காட்டித் திருப்பித் திருப்பி, விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். மலைக் குளிரில் தோல் தளர்ந்துபோய் 'தொப்' என்று இருக்கும். சூடு ஏற ஏறச் சத்தம் மேலே வரும். பொங்கலன்று காலையில் கூத்து இல்லாவிட்டாலும் ஒரு தரம் காய்ச்சி, வீட்டு வாசலில் நின்று, அப்பாவின் பழைய அடி ஒன்றை மட்டும் அடித்துவிட்டு உள்ளே வைத்துவிடுவேன். என் மகள் இப்போது அந்த அடியை மேசையில் கையால் தட்டுகிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்று இன்னும் வீட்டில் பேச்சு நடக்கிறது. நான் சொல்லிக் கொடுப்பேன்.

---

கவ்வாத்து | திங்கள், இரவு 11.10

தம்பி, உங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்க எனக்கு ஆசை. உண்மையாகச் சொல்கிறேன். எந்த ஊர் என்று தனியாக எழுதுங்கள்.

---

கொட்டாஞ்சேனை | செவ்வாய், காலை 5.50

நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன், சொந்த ஊர் மஸ்கெலியா. அறையில் நான்கு பேர். பொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஓர் இனாமல் கோப்பை இருக்கிறது, வாயோரத்தில் இரண்டு இடத்தில் பூச்சு போயிருக்கும். வேலைக்குப் போகும் முன்னால் வெறுந் தேத்தண்ணி ஊற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, ஒரு நக்கு, ஒரு மிடறு. வீட்டில் அப்படித்தான். சீனியைத் தேத்தண்ணிக்குள் போட்டால் ஆளுக்கு இரண்டு கரண்டி போய்விடும், கையில் வைத்தால் ஒரு கரண்டி போதும், அம்மா கண்டுபிடித்த கணக்கு. இப்போது சீனி வாங்கக் காசு இருக்கிறது. கலக்கிக் குடித்தால் எனக்கு அது தேத்தண்ணி மாதிரியே இல்லை.

அறையில் இருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் முதலில் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் போனது. ஒரு நாள் அவரே கையை நீட்டினார், சீனி வைத்தேன். அவர்கள் வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்களாம். போன தரம் ஊருக்குப் போய் வந்தபோது ஒரு குட்டான் பனங்கட்டி கொண்டு வந்தார்.

---

ராகலை | செவ்வாய், காலை 9.30

எங்கள் பக்கம் ஒரு விடுதியில் பழைய கொழுந்துக் கூடைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உள்ளே பல்ப் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரருக்குச் சேலை கட்டி, கூடை மாட்டிப் படமெடுக்கவும் வசதி உண்டு. நான் அங்கே சமையலறையில் வேலை செய்கிறேன். முதல் நாள் அந்தக் கூடைகளுக்குக் கீழே சாப்பாட்டுத் தட்டுடன் நடந்தபோது கை நடுங்கியது. ஒரு கூடையின் விளிம்பில் சிவப்புத் துணியால் சின்ன முடிச்சு போட்டிருந்தது. நிறுவை இடத்தில் கூடை மாறிவிடாமல் இருக்க எங்கள் அம்மாவும் அப்படித்தான் அடையாளம் கட்டுவார். யாரோ ஒரு பெண்ணின் கை போட்ட முடிச்சு அது.

நாம் வைத்திருக்காவிட்டால் கடைசியில் அங்கேதான் போய்த் தொங்கும். அதனால் டீச்சர், எரிப்பதென்றால் எரித்துவிடுங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. விற்கத்தான் வேண்டாம்.

---

பண்டாரவளை டீச்சர் | செவ்வாய், இரவு 7.45

அந்தச் சிவப்பு முடிச்சைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு இன்று பாடசாலையில் எனக்கு வேலையே ஓடவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இடைவேளையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் வீட்டில் பழைய சாமான் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொங்காணி என்றால் என்னவென்று முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேருக்குத்தான் தெரிந்தது. ஒரு பையன், அவன் அப்பா ஒரு மட்டக்கம்பு வைத்திருப்பதாகச் சொன்னான், அதை எதற்குப் பயன்படுத்துவது என்று அவனுக்குத் தெரியாது. கவ்வாத்துக்குப் பிறகு முதல் கொழுந்து எடுக்கும்போது செடியின் உயரத்தை ஒரே மட்டமாக வைக்கிற கம்பு என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். எங்கள் அம்மா கயிற்றை எரித்தது சரிதான், அதில் நான் மாறவில்லை. ஆனால் எரித்த கதையையாவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும், இவ்வளவு நாள் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லப் போகிறேன்.

---

லோவர் டிவிசன் | வியாழன், இரவு 9.00

அப்பாவிடம் கேட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அம்மா பக்கத்தில் இல்லை.

அவருக்கு ஒன்பது வயது. அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரம், மழை. அப்பாயிக்குத் தேத்தண்ணிப் போத்தல் கொண்டு போயிருக்கிறார். அப்பாயி நிறைந்த கூடையோடு தண்ணி ஓடும் கான் ஓரமாக இறங்கும்போது சறுக்கி விழுந்திருக்கிறார். கூடை ஒரு பக்கம் உருண்டதில் கயிறு தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கிவிட்டது. கூடை பள்ளத்தில் இழுக்க, கயிறு கழுத்தில் இறுக, இவர் போத்தலைப் போட்டுவிட்டுப் போய்க் கூடையைத் தூக்கப் பார்த்தாராம், ஒன்பது வயதில் எப்படித் தூக்குவது. பக்கத்து நிரையில் இருந்த பெண்கள் ஓடி வந்து எடுத்துவிட்டிருக்கிறார்கள். அப்பாயி எழுந்து, இருமி, கொட்டிய கொழுந்தையெல்லாம் பொறுக்கிப் போட்டு நிறுக்கப் போயிருக்கிறார். மறுநாளும் அதே கயிறு. அதற்குப் பிறகு அப்பாயிக்குக் கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியாது. அப்பாயி எப்போதும் உடம்போடு சேர்த்துத்தான் திரும்பிப் பார்ப்பார், நான் அதை வயதுக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

"அந்தக் கயித்த ஒங்கம்மா மாட்டிக்கிட்டு மலைக்குப் போகயில நான் ஒரு நாளும் பின்னால நின்னு பாத்ததில்ல" என்றார். இத்தனை வருசம் அம்மாவிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை. நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். தானே சொல்வதாகச் சொன்னார்.

---

கூடலூர் சிலோன்காரி | வியாழன், இரவு 9.40

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எடுத்துப் போங்கள் என்று நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அவர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள் தங்கச்சி.

---

லோவர் டிவிசன் | மூன்று வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 4.20

வீடு மாறிவிட்டோம். பால் பொங்க வைத்தோம், கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது, அம்மாவுக்குச் சந்தோசம். இரண்டு நாள் மழை, இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது.

கயிறு வந்தது, ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள், என்னை ஒன்றும் கேட்கவில்லை. பின்பக்கம் விறகு அடுக்க அப்பா ஒரு தகரக் கொட்டில் போட்டார், அதன் கம்பத்தில் ஆணி அடித்து அவரே மாட்டினார். நிலையைத் தாண்டி உள்ளே வராது, அவ்வளவுதான் பேச்சு. நானோ அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைக்கலாம் என்று இருந்தேன். அம்மா மூன்றாம் நாளே அதை எடுத்துக்கொண்டு கீழ் மலைக்குப் போய், கவ்வாத்து மிலாறு ஒரு கட்டு கட்டி இழுத்து வந்துவிட்டார். கயிறு பிய்ந்து போகும் அம்மா என்றேன். கயிறு கட்டத்தானே என்கிறார். தலையில் மாட்டவில்லை, தோளில் போட்டு இழுத்தார், அப்பா பாதி வழியில் போய்க் கட்டை வாங்கிக்கொண்டார்.

ஆனால் நான் பயந்தது நடந்துவிட்டது. கறுத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு புரி விட்டுவிட்டது, மூன்றாவது புரிதான் தாங்குகிறது. முடிச்சுப் போட்டால் நீளம் குறையும், கறுத்த இடமும் மடிந்துவிடும். முடிச்சு இல்லாமல் சேர்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

ராகலை | ஞாயிறு, மாலை 5.05

தும்பா சணலா? தும்பு என்றால் எங்கள் மாமாவுக்குப் பின்னத் தெரியும், புரியைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று சொருகிக் கோர்ப்பார், சேர்த்த இடம் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், முடிச்சு இருக்காது. கயிற்றை ஒரு இரவு தண்ணியில் ஊற வைக்க வேண்டும். கறுத்த இடத்தை மட்டும் நனைக்க வேண்டாம், அதைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டிவிட்டு மற்றதை ஊற வையுங்கள். மாமா வருகிற ஞாயிறு ஹட்டன் சந்தைக்கு வருவார், நானும் கூட வருவேன். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

---

லோவர் டிவிசன் | ஞாயிறு, மாலை 5.20

தும்புதான். வருகிறோம். அப்பாவும் வருவதாகச் சொல்கிறார்.